நேபாள மலைக் கிராமத்தில் தன்னார்வப் பணி: கிளம்பும் முன்பிருந்து திரும்பி வரும் வரை

லம்ஜுங் மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் உள்ள அரசுப் பள்ளியில் மூன்று மாதம் இருந்தேன். ஆசிரியர் அறையின் மூலையில் ஒரு இரும்பு பீரோ. சாவி தலைமை ஆசிரியரிடம் இருக்கும். நான் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள்தான் அதைத் திறந்து காட்டினார்கள். உள்ளே கண்ணாடிக் குடுவைகள், லென்ஸ்கள், காந்தங்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத ஒரு மைக்ராஸ்கோப். பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு குழு கொடுத்துவிட்டுப் போனதாம். ஏன் எடுப்பதில்லை என்று அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். "உடைஞ்சா நான்தான் பதில் சொல்லணும் மிஸ். இதை எப்படிப் பிடிக்கணும்னு யாரும் காட்டலையே" என்றார்.

வெளிநாட்டுக் கிராமத்துக்குத் தொண்டு செய்யப் போக வேண்டும் என்று யார் வந்து யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்த பீரோவைப் பற்றித்தான். பொருள் வந்தது, ஆட்கள் வந்தார்கள், நல்ல மனதோடுதான் வந்தார்கள். அவர்கள் கிளம்பிய மறுநாள் அங்கே எதுவும் நடக்கவில்லை. இந்த வழிகாட்டி முழுவதையும் அந்த மறுநாளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது நேபாளத்தை. நான் இருந்த இடம் அது. இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம், ரயிலிலேயே எல்லை வரை போய்விடலாம், ஊர் வாழ்க்கையும் நமக்கு அந்நியமாக இருக்காது. வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. முதலில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

"எதுவானாலும் செய்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு போகிறவரால் ஊருக்குச் சுமைதான். நேபாளத்து மலைக் கிராமங்களில் இளைஞர்கள் குறைவு. வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். வெளிநாட்டிலிருந்து அவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஊரில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், வயதானவர்கள், குழந்தைகள். அதற்காக அங்கே வேலை தெரிந்தவர்கள் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கல் வைத்துக் கட்டத் தெரிந்த கொத்தனார் ஊரில் இருப்பார். அவருக்குக் கூலி கொடுத்து ஒரு வகுப்பறையைக் கட்டவைப்பதை விட்டுவிட்டு, கரண்டி பிடிக்கத் தெரியாத பத்துப் பேர் விமானம் ஏறிப் போய்ச் சுவர் எழுப்புவதில் யாருக்கும் லாபமில்லை.

உண்மையில் தேவைப்படுவது ஊரில் கிடைக்காத திறமை. அல்லது, இருப்பவர்களின் திறமையைக் கூட்டிவிடும் ஆள். அறிவியல், கணக்கு ஆசிரியர்களோடு சேர்ந்து பாடம் தயாரிப்பவர், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொடுப்பவர், குடிநீர்க் குழாய்த் திட்டம் தெரிந்த பொறியாளர், காதுகேளாத குழந்தைகளோடு பழகியவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். மருத்துவர், செவிலியர் என்றால் ஒன்று கவனியுங்கள்: நேபாள மருத்துவக் கவுன்சிலிலோ செவிலியர் கவுன்சிலிலோ தற்காலிகப் பதிவு வாங்காமல் நோயாளியைத் தொடக் கூடாது. இங்கே படிக்கும் மாணவருக்கு ஊசி போட அனுமதி இல்லை என்றால், அங்கேயும் இல்லை.

நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதையே எடுத்துக்கொண்டு போனேன்.

2. குழந்தைகள் இல்லம் என்றால் வேண்டாம்

இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

1996 முதல் 2006 வரை நேபாளத்தில் மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போர் நடந்தது. ஹும்லா போன்ற தொலைதூர மாவட்டங்களில் பெற்றோர் பயந்து போயிருந்தார்கள். பிள்ளைகளைக் காத்மாண்டு கூட்டிப்போய்ப் படிக்கவைக்கிறோம் என்று சொல்லித் தரகர்கள் வந்தார்கள். நிலத்தை விற்றுப் பணம் கொடுத்து அனுப்பிய பெற்றோர் உண்டு. அந்தக் குழந்தைகள் இல்லங்களில் அநாதைகள் என்று எழுதப்பட்டார்கள். தாளில் மட்டும் அநாதைகள். இல்லங்களோ பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் போகும் காத்மாண்டு பள்ளத்தாக்கிலும் பொக்ராவிலும் சித்வனிலும்தான் முளைத்தன. காரணம் எளிது: பார்க்க வருகிறவர்கள் பணம் தருகிறார்கள், தன்னார்வலர்கள் கட்டணம் கட்டுகிறார்கள். பணம் வரவேண்டுமென்றால் குழந்தை இருக்க வேண்டும், அதுவும் பரிதாபமாக இருக்க வேண்டும்.

என் முதல் பயணம் அப்படி ஒரு இடத்துக்குத்தான். ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டினேன், காத்மாண்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். ஒரு சனிக்கிழமை மதியம், எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் என் போனைக் கேட்டான். விளையாடத்தான் கேட்கிறான் என்று கொடுத்தேன். மனப்பாடமாக ஒரு எண்ணை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டான். மறுமுனையில் அவன் அம்மா. இரண்டு நிமிடம் பேசினான், அந்த எண்ணை அழித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அங்கே ஐந்து நாள்தான் இருந்தேன். ஒவ்வொரு மாதமும் புது அக்கா வருவதும், கட்டிப்பிடித்துக்கொள்வதும், அழுதுகொண்டே போவதும் அந்தக் குழந்தைகளுக்கு என்ன செய்யும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

இது நேபாளத்தில் மட்டும் நடப்பதல்ல. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இப்படிக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கடத்துவதும் பேசப்பட்டது. 2019-இல் ஐ.நா. பொதுச்சபையும் குழந்தைகள் இல்லங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களைப் பற்றிக் கவலை தெரிவித்தது. நல்ல இல்லங்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெளியிலிருந்து வரும் நமக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. நல்ல இல்லம், முன்பின் தெரியாத ஆளைக் குழந்தைகளோடு தனியே விடவும் விடாது.

3. யார் மூலமாகப் போவது

முறையான பெரிய வழிகள் சில உண்டு. 1970-இல் தொடங்கிய ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தில் தகுதி பார்த்து எடுப்பார்கள், வாழ்க்கைச் செலவுக்கு அவர்களே பணம் தருவார்கள். 1958 முதல் இயங்கும் வி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் தன்னார்வ அமைப்பு அனுபவமுள்ள தொழில்காரர்களைத் தேடுகிறது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள நம்மவர்களுக்கு அந்நாட்டு அரசின் தன்னார்வத் திட்டமான பீஸ் கார்ப்ஸ் உண்டு. இரண்டு வருடப் பணி, நேபாளத்தில் 1962-இலேயே தொடங்கியது. போரின்போது நிறுத்தி, 2012-இல் மறுபடி ஆரம்பித்தார்கள்.

இவை எதுவும் ஒத்துவராதவர்களுக்கு உள்ளூர்த் தொண்டு நிறுவனம் அல்லது நேரடியாகப் பள்ளி. நேபாளத்தில் தொண்டு நிறுவனம் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சமூக நலக் கவுன்சிலோடு இணைந்திருக்கிறதா என்றும் கேட்கலாம். பதிவு எண்ணைக் கேட்டால் கோபப்படுகிற இடத்துக்குப் போகாதீர்கள். அப்புறம் இவற்றையும் கேளுங்கள்:

நான் கட்டும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு, தங்கும் வீட்டுக்கு எவ்வளவு போகிறது? இந்த வேலையைக் கேட்டது யார், பள்ளியா உங்கள் அலுவலகமா? எனக்கு முன்னால் இருந்தவர் என்ன செய்தார், அது இன்னும் நடக்கிறதா? அவரோடு பேச முடியுமா? குழந்தைகளோடு வேலை என்றால் என்னிடம் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்பீர்களா?

கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் வேண்டாம், வந்தால் போதும்" என்று பதில் வந்தால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களைச் சரிபார்க்காதவர்கள் வேறு யாரையும் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இரண்டாம் முறை வழி கிடைத்தது ஒரு நேபாள ஆசிரியர் மூலம். அவர் லம்ஜுங்கில் இருந்த தலைமை ஆசிரியரிடம் போனில் பேசவைத்தார். "என்ன செய்யட்டும்?" என்று நான் கேட்டபோது தலைமை ஆசிரியர், "ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள். அறிவியலுக்கு யாரும் வந்ததில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மூன்று மாதம் விடுப்புப் போட்டேன்.

4. எப்போது போவது

நேபாளத்தின் கல்வியாண்டு அவர்கள் புத்தாண்டை ஒட்டி, அதாவது நம் சித்திரை பிறக்கும் அதே ஏப்ரல் நடுவில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதம் தேர்வு நேரம், போய்ப் பயனில்லை. அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும், மலை தெரியும் என்று எல்லாரும் அந்த மாதத்தில் வருவார்கள். ஆனால் தசைன் பண்டிகையும் அதை ஒட்டித் திஹாரும் வருவதால் பள்ளி பல நாட்கள் பூட்டியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அட்டை கடிக்கும், அது கிடக்கட்டும், பாதை சரிவதுதான் பெரிய பயம். 2024 ஜூலையில் நாராயண்கட்–முக்லிங் சாலையில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிவிட்டது. மழைக்காலத்தில் இரவுப் பேருந்தில் ஏறாதீர்கள்.

என் கணக்கில் திஹார் முடிந்து நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. குளிர்கால விடுமுறை ஊருக்கு ஊர் மாறும், தலைமை ஆசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நான் இருந்தபோது வார விடுமுறை சனிக்கிழமை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பள்ளி இருந்தது.

எவ்வளவு நாள்? பள்ளி வேலைக்கு எட்டு வாரத்துக்குக் குறைந்தால் போக வேண்டாம் என்பேன். முதல் மூன்று வாரம் ஊர் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே போய்விடும்.

5. காகிதம், பணம்

இந்தியர்களுக்கு 1950 ஒப்பந்தத்தின்படி விசா தேவையில்லை. விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போய்த் திரும்பி வராதீர்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு விசா வேண்டும். அவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சுற்றுலா விசாவில் சம்பளம் இல்லாத வேலைகூடச் செய்ய அனுமதி இல்லை. "எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்" என்று ஏஜென்சி சொல்லும். மாட்டினால் அபராதம் உங்களுக்கு, பெயர் கெடுவது பள்ளிக்கு. எந்த அனுமதியில் வருகிறேன் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த நாட்டவராக இருந்தாலும் பள்ளியின் அழைப்புக் கடிதமும், ஊர் வார்டு அலுவலகத்துக்குத் தெரிவித்த கடிதமும் கையில் இருக்கட்டும்.

நேபாள ரூபாய் 1993 முதல் இந்திய ரூபாய்க்கு 1.6 என்று நிலையாக இருக்கிறது. கணக்குப் போடச் சுலபம். நான் போனபோது இந்திய நோட்டுகளில் 100 ரூபாயும் அதற்குக் குறைந்ததும்தான் பிரச்சினையில்லாமல் சென்றன. 2018 டிசம்பரில் பெரிய நோட்டுகளை அங்கே தடை செய்தார்கள், கிளம்பும் முன் இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மலைக்கு ஏறும் முன் மாவட்டத் தலைநகரிலேயே பணத்தை மாற்றிச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் வீட்டுக்கு நான் நாளுக்கு 800 நேபாள ரூபாய் கொடுத்தேன், நம் பணத்தில் 500. அந்தம்மா முதலில் வாங்க மறுத்தார். விருந்தாளியிடம் எப்படி வாங்குவது என்றார். மாதம் பிறந்ததும் தலைமை ஆசிரியர் முன்னால் உறையில் வைத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். மூன்று மாதம் ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த வீட்டு அரிசிப் பானையில் எவ்வளவு குறையும் என்று நமக்குத் தெரியாதா?

6. உடம்பு

குறைந்தது ஆறு வாரம் முன்பாக மருத்துவரைப் பாருங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் தடுப்பூசிகளோடு வெறிநாய்க்கடிக்கான முன்தடுப்பு ஊசியையும் கேளுங்கள். அதை முன்பே போட்டுக்கொண்டாலும் கடித்தபின் ஊசி வேண்டும்தான். ஆனால் கிராமத்துப் பக்கம் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியைத் தேடி ஓட வேண்டியிருக்காது. தெற்கே தராய் சமவெளிக்குப் போகிறவர்கள் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி பற்றியும் கேட்கலாம்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். பீயூஷ் என்ற குளோரின் சொட்டு மருந்து அங்கே கிடைக்கும், வயிற்றுப்போக்குக்கு ஜீவன்ஜல் என்ற உப்புக்கரைசல் பொடி. மலை ஊர்களில் வீட்டுக்குள்தான் குளிர் அதிகம், வெளியே வெயிலில் உட்கார்ந்தால் இதமாக இருக்கும். நல்ல கம்பளி உள்ளாடை இரண்டு, தலைக்குல்லாய், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். சிம் கார்டுக்குப் பாஸ்போர்ட் அளவு போட்டோவும் அடையாள நகலும் வேண்டும். உள்ளூரில் எந்த சிம் எடுக்கிறது என்று தலைமை ஆசிரியரிடமே கேட்டு வாங்குங்கள்.

7. மொழி: தமிழருக்கு ஒரு வசதி

இந்தி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். நேபாளியில் வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில்தான் வரும். 'ம கர் ஜான்சு' என்றால் 'நான் வீட்டுக்குப் போகிறேன்', அதே வரிசை. 'கர்' வீடு, 'கர்மா' வீட்டில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். நீ, நீங்கள் போல அங்கேயும் படிகள் உண்டு: தா, திமி, தபாயி, அதற்கும் மேலே ஹஜுர். சந்தேகம் வந்தால் 'தபாயி' போதும், சின்னப் பிள்ளைகளைத் தவிர எல்லாருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அக்காவுக்குத் தீதீ, தங்கைக்குப் பஹினி, தம்பிக்குப் பாயி, அம்மாவுக்கு ஆமா. அண்ணனுக்குச் சொல்லும் 'தாயி' மட்டும் முதல் வாரம் நம் காதைக் குழப்பும்.

தெருவில் எதிரே வருகிறவர் 'கானா கானுபயோ?' என்பார். சாப்பிட்டாச்சா என்று பொருள். நம் ஊரில் கேட்பது போலத்தான், பசியைப் பற்றிய விசாரணை இல்லை, அன்பு. ஒரு மாதம் தினம் அரைமணி நேரம் ஒதுக்கித் தேவநாகரி எழுத்தையும் இருநூறு சொற்களையும் கற்றுக்கொண்டால், பேருந்துப் பலகையும் பாடப்புத்தகத் தலைப்பும் படிக்க வரும்.

நான் தங்கியது குருங் இனத்தவர் ஊர். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது நேபாளி அல்ல, குருங் மொழி. இந்திய ராணுவத்தில் இருந்து வந்த பெரியவர்களுக்கு இந்தி நன்றாகத் தெரியும், லாஹுரே என்பார்கள். அப்படி ஒரு தாத்தா, நான் தமிழ் என்று கேட்டதும் "வணக்கம்" என்றார். 1987-இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போன கூர்க்கா படையில் இருந்தவர். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தினமும் காலையில் அவர் வீட்டைத் தாண்டும்போது அந்த ஒரு சொல்லைச் சொல்வார், நானும் திருப்பிச் சொல்வேன்.

8. போய்ச் சேருவது

தெற்கிலிருந்து கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சுனௌலி எல்லை சாலை வழியாக மூன்று மணி நேரத்துக்குள். எல்லையைத் தாண்டிப் பைரஹவா, அங்கிருந்து பேருந்து. எல்லையிலேயே கைக்கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளிவையுங்கள். லம்ஜுங்குக்கு பெசிசஹர் போக வேண்டும், அதற்கு மேலே ஜீப், ஜீப் நிற்கும் இடத்திலிருந்து நடை. முதல் நாள் யாராவது கீழே வந்து கூட்டிப்போகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

9. அந்த வீட்டில் இருப்பது

தினம் இரண்டு வேளை தால்பாத், அதாவது பருப்பும் சோறும்: காலை பத்து மணிக்குள் ஒன்று, இரவு ஒன்று. நடுவில் டீயும் ஏதாவது பலகாரமும். சில இரவுகளில் சோற்றுக்குப் பதில் டிண்டோ வரும். அது நம் கேழ்வரகுக் களியேதான். கூடவே குந்த்ருக், கீரையைப் புளிக்கவைத்துக் காயவைத்து வைக்கும் குழம்பு. முதல் நாள் வீட்டு ஆமா டிண்டோவைத் தட்டில் வைத்துவிட்டுத் தயங்கினார், வெளியூர்க்காரர்கள் இதைச் சாப்பிட மாட்டார்கள் என்று. நான் விரலால் கிள்ளிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுப்படியிலிருந்து எல்லாரையும் கூப்பிட்டார். அன்றிலிருந்து எனக்கென்று தனியாகச் சோறு வடிப்பதை நிறுத்தினார்.

'ஜூட்டோ' என்ற சொல்லைத் தெரிந்துகொண்டு போங்கள். நம் எச்சில்தான். வாய் வைத்த கிண்ணத்திலிருந்து இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள், சாப்பிட்ட கையால் பொதுப் பாத்திரத்தைத் தொடாதீர்கள். அடுப்படிக்குள் கூப்பிட்டாலொழியப் போக வேண்டாம். போதும் என்பதற்குப் 'புக்யோ' என்று சொல்லித் தட்டின் மேல் கையைக் காட்டுங்கள். குருங் வீடுகளில் ராக்ஸி என்ற சாராயம் கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் அதே கைச்சைகை போதும், தவறாக நினைப்பதில்லை.

பெண்களுக்கு ஒரு விஷயம். மாதவிலக்கு நாட்களில் என்ன வழக்கம் என்று வீட்டு தீதீயிடம் முதல் வாரமே தனியாகக் கேட்டுவிடுங்கள். நான் இருந்த குருங் வீட்டில் ஒன்றும் இல்லை. பக்கத்து பாஹுன் (பிராமணர்) வீட்டில் அடுப்படியும் பூஜை இடமும் கூடாது. மேற்கே சில மாவட்டங்களில் பெண்ணைத் தனிக் குடிசையில் ஒதுக்கும் சௌபடி வழக்கம் இருந்தது. 2017-இல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். முழுக்க நின்றுவிடவில்லை. வீட்டு விருந்தாளியாக அடுப்படி வழக்கத்துக்கு ஒத்துப்போகலாம். ஆனால் எங்கேயாவது குடிசையில் படுக்கச் சொன்னால் அந்த இடத்தில் தங்காதீர்கள். சாதியும் அப்படித்தான். தீண்டாமை அங்கே சட்டப்படி குற்றம், ஊர்க் குழாயடியில் யார் கடைசியில் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே மீதி புரிந்துவிடும். வகுப்பில் நீங்கள் யாரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறீர்கள், யார் வீட்டு டீயைக் குடிக்கிறீர்கள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். நான் எல்லார் வீட்டிலும் குடித்தேன்.

குளியல் ஊர்க் குழாயில், தாரா என்பார்கள். பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு குளிப்பது நம் ஆற்றங்கரைப் பழக்கம்தானே.

வயல் வேலைக்குப் போங்கள், அதுதான் ஊருக்குள் நுழைய நல்ல வாசல். ஒருவர் வயலில் எல்லாரும், அடுத்த நாள் இன்னொருவர் வயலில் எல்லாரும் என்று மாறி மாறிச் செய்வதைப் பர்மா என்கிறார்கள். நவம்பரில் கேழ்வரகு அறுவடை. கதிரை மட்டும் அரிவாளால் கிள்ளி, முதுகில் தொங்கும் டோக்கோ கூடையில் போட வேண்டும். கூடையின் கயிறு நெற்றியில் பதியும், பாரம் முழுக்கக் கழுத்தில். எனக்குப் பாதிக் கூடைதான் தூக்க முடிந்தது. ஜூன் கடைசியில் இருப்பவர்கள் நேபாள நாட்காட்டியின் அஷார் மாதம் 15 அன்று நடவுக்கு இறங்கலாம், சேறும் பாட்டுமாக இருக்கும், வரப்பில் உட்கார்ந்து தயிரும் அவலும் சாப்பிடுவார்கள்.

10. பள்ளியில் வேலை

முதல் வாரம் பாடம் எடுக்காதீர்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் இருக்கும் வகுப்பில் அவரை ஒதுக்கிவிட்டு நீங்கள் நின்றால், பிள்ளைகள் முன்னால் அவர் சின்னவராகிவிடுவார். நீங்கள் போனபின் அங்கே நிற்கப்போவது அவர்தான்.

பீரோ விஷயத்துக்கு வருகிறேன். தலைமை ஆசிரியரிடம் பேசி, உடைந்தால் ஆசிரியை பொறுப்பில்லை என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதவைத்தோம். அதுதான் முதல் வேலை, அதற்கே இரண்டு வாரம் ஆனது. அப்புறம் பள்ளி விட்டதும் தினம் ஒரு மணி நேரம் நானும் ஆசிரியையும் மட்டும். ஏழாம், எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து இருபது சோதனைகளைத் தேர்ந்தெடுத்தோம். முதலில் நான் செய்து காட்டுவேன், அடுத்து அவர் செய்வார், மூன்றாவது முறை அவர் செய்வதை நான் மாணவி மாதிரிக் கேள்வி கேட்டுப் பார்ப்பேன். வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்த அன்று, அவர் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் குனிந்தே இருந்தார். "பதினோரு வருஷமா இந்தப் படத்தைக் கரும்பலகையில வரையறேன் மிஸ். இப்பதான் பார்க்கறேன்" என்றார். மறுநாள் வகுப்பில் வரிசை கட்டி நின்ற பிள்ளைகளுக்கு அவரே காட்டினார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

ஒவ்வொரு சோதனையையும் அவர் தன் கையெழுத்தில், நேபாளியில், ஒரு நீள நோட்டில் எழுதினார்: என்ன வேண்டும், எங்கே தவறும், கடையில் எது கிடைக்கும் என்று. குடுவை உடைந்தால் ஊரில் கிடைக்கும் பாட்டிலை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதுகூட அதில் இருக்கிறது. நீங்கள் என்ன வேலைக்குப் போனாலும் இப்படி ஒரு நோட்டு அவர்கள் கையெழுத்தில் இருக்க வேண்டும். உங்கள் லேப்டாப்பில் இருப்பது உங்களோடு போய்விடும்.

மிட்டாய், பேனா, துணி என்று பிள்ளைகளுக்கு நேரடியாகக் கொடுக்காதீர்கள். கொடுப்பதானால் பள்ளியிடம் கேட்டு, அவர்கள் பட்டியலில் உள்ளதைப் பக்கத்து ஊர்க் கடையில் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் எங்கும் போடாதீர்கள். சளி ஒழுகும் குழந்தையைத் தேடிப் பிடித்துப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள், நம் வீட்டுப் பிள்ளையை அப்படி யாராவது எடுத்தால் விடுவோமா?

11. திரும்பும்போது

கிளம்பும் தேதியை முதல் நாளே எல்லாருக்கும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கும். கடைசி இரண்டு வாரம் நீங்கள் எதையும் தொடங்காமல், நடப்பதை மட்டும் பாருங்கள். அந்த நாட்களில் நான் பள்ளிக்குத் தாமதமாகவே போனேன். எனக்காகக் காத்திராமல் பீரோ திறந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

வாக்குறுதி கொடுக்காதீர்கள். "உன்னைப் படிக்கவைக்கிறேன்", "அடுத்த வருஷம் வருவேன்" என்பதெல்லாம் அங்கே வெறும் பேச்சு இல்லை, காத்திருப்பார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: ஆசிரியையோடு மாதம் ஒருமுறை, முதல் சனிக்கிழமை காலை போன். இன்று வரை நடக்கிறது. போன மாதம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் இருவர் அந்த நோட்டை நகலெடுத்துப் போனதாகச் சொன்னார்.

படங்கள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வராதீர்கள், மலை ஊர்களுக்குத் தபால் போய்ச் சேருவது நிச்சயமில்லை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மாவட்டத் தலைநகருக்கு இறங்கி, ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு, வீடு வீடாகக் கையில் கொடுங்கள். நான் அறுபது படம் போட்டேன். ஆமா தன்னுடையதை அடுப்படிச் சுவரில், புகை படாத பக்கமாகப் பார்த்து ஒட்டினார்.